இரண்டாவது கோடு

அழைப்பு வந்தபோது அவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில், குழியின் இருட்டில், கிரீஸ் வாடைக்குள். அங்கே நிற்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது அவனே தன் ஆட்களுக்குப் போட்ட சட்டம். திரையில் ஈரல் டாக்டரின் பெயர் தெரிந்தது. எடுத்தான்.

"உங்க மனைவியோட ரத்தம் கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தோம். வெளிய ஒரு பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தேன். ரிசல்ட் இப்பதான் வந்துச்சு. நேர்ல வர முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"இனிமே என்ன டாக்டர் அவசரம்?"

கேட்ட பிறகுதான் குரலில் இருந்த குத்தல் அவனுக்கே உறைத்தது. டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவங்களுக்காக இல்ல. அவங்க கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. முழுகாம இருக்கா. ஏழாவது மாசம்."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"அப்ப இன்னைக்கே வாங்க."

மனைவி போனதிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பாடு நின்றுகொண்டே. டீயும் நின்றுகொண்டே. அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "கல்லு மாதிரி இருக்கான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கல்லாவது ஒரு மூலையில் கிடக்கும். இவன் வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். டாக்டரம்மாவின் அறையிலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"உங்க மனைவியைக் கொண்டுபோனது ஹெபடைட்டிஸ் பி வைரஸ்தான்."

"அது இல்லைன்னு இங்கேயே டெஸ்ட்ல வந்துச்சே?"

"வந்துச்சு. நாங்களும் ஏமாந்தோம்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வைரஸுக்கு மேல ஒரு சட்டை இருக்குன்னு வெச்சுக்கங்க. அந்தச் சட்டையில ஒரு மடிப்பு. டெஸ்ட் கிட் அந்த மடிப்பைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். தடுப்பூசி நம்ம உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கறதும் அதே மடிப்பைத்தான். இந்த வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது நிறையத் தப்புப் பண்ணும், திருத்தாது. முக்கால்வாசித் தப்பு அதுக்கே உதவாது. எப்பவாவது ஒண்ணு அந்த மடிப்பையே மாத்திடும். உங்க மனைவிக்கு இருந்தது அப்படி மாறினது. கிட்டுக்கு அடையாளம் தெரியல."

லிஃப்ட் கதவில் ஒளித்திரை இருக்கும். நடுவில் கையோ காலோ வந்தால் கதவு திறந்துகொள்ளும். எத்தனை முறை சோதித்தாலும் சரியாக வேலை செய்யும். ஆனால் நாயைக் கட்டிய மெல்லிய கயிறு அதன் கண்ணில் படாமல் போய்விடலாம். ஒரு குடியிருப்பில் நாய் உள்ளேயும், பிடித்தவர் வெளியேயும் நின்றபோது கதவு மூடி, பெட்டி கிளம்பிவிட்டது. கழுத்துப்பட்டை அறுந்ததால் நாய் பிழைத்தது. அவன் போய்ப் பார்த்தபோது திரையில் ஒரு பழுதும் இல்லை. அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அரை நாள் அந்தக் கதவின் முன்னால் நின்றிருந்தான்.

"அவளுக்கு எங்க இருந்து வந்திருக்கும்?"

"பெரும்பாலும் அம்மாகிட்ட இருந்து, பொறக்கும்போது. குழந்தையில போட்ட தடுப்பூசி சாதாரண வைரஸை நிறுத்தியிருக்கும். மடிப்பு மாறினது மட்டும் நழுவி உள்ள தங்கியிருக்கும். வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். ஒருநாள் எழுந்துக்கும். அப்படி எழுந்தா என்ன ஆகும்னு நீங்களே பார்த்தீங்க."

பார்த்தான். கண் மஞ்சளான வாரமே அவள் நினைவு தப்பிப் போனாள்.

"தங்கச்சிக்கு இருந்தா?"

"குழந்தைக்குப் போகலாம். பொறந்ததும் குழந்தைக்கு ரெண்டு ஊசி போடுவோம். அது ரெண்டும் பழைய மடிப்பைத்தான் தேடும், முழுசா நம்ப முடியாது. அதனால அம்மாவுக்கு இப்பவே மாத்திரை ஆரம்பிச்சு, பிரசவத்துக்குள்ள வைரஸைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவரணும். தள்ளிப்போட்டா மாத்திரை வேலை செய்ய நாள் பத்தாது. கிட் வேண்டாம். வைரஸோட டி.என்.ஏ.வையே நேரடியாத் தேடற டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

சொல்லலாம். சொல்ல வேண்டியது யாரிடம் என்பதுதான் சிக்கல். அவன் சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், விற்பதே அந்தக் கிட்தான்.

சகலைக்குக் குடும்பத்தில் 'ஒத்தக்கோடு' என்று பெயர். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டு விருந்துக்கு அவன் ஒரு பெட்டி நிறைய மாதிரிக் கிட் கொண்டுவந்தான். எல்லாரும் பலகாரம் வாங்கி வருவார்கள், இவன் ஊசி வாங்கி வந்திருக்கிறான் என்று மாமனார் சிரித்தார். அவர் அப்போது உயிரோடு இருந்தார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொருவர் விரலையும் குத்தி, ஒவ்வொரு துளியாகப் பிளாஸ்டிக் பட்டையில் விட்டான். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, கிட் வேலை செய்கிறது என்று மட்டும் அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால் வைரஸ் இருக்கிறது. "ஒத்தக் கோடு! அடுத்த ஆள் வரலாம்!" என்று அவன் ஏலம் போடுகிறவன்போலக் கூவினான். அக்காவுக்கும் ஒத்தக் கோடு, தங்கைக்கும் ஒத்தக் கோடு. மாமியார் மட்டும், "இந்த வயசுல என் விரலைக் குத்தி எந்தப் புதையலை எடுக்கப் போறீங்க?" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு மனைவியின் கண் மஞ்சளானபோது, ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே அதுதான். படுக்கையில் இருந்தபடி அவள் சிரித்தாள். "அதெல்லாம் பார்த்தாச்சு டாக்டர், எங்க வீட்டுலயே ஆள் இருக்கு." ஆஸ்பத்திரி கிட்டும் ஒத்தக் கோடே காட்டியது. அவர்கள் வேறு காரணங்களைத் தேடிப் போனார்கள். மாத்திரையா, காளானா, வேறு காய்ச்சலா என்று கேட்டுக் கேட்டு நாள் ஓடியது.

சகலையின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கொழுந்தியாள் கதவைத் திறந்தாள்.

"அம்மா, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு லிஃப்ட்காரர் ஏறி வந்திருக்கார். மழை வரப்போகுது."

வயிறு நன்றாகத் தெரிந்தது. சிரிக்கும்போது அக்காவின் கன்னம் வந்து போனது. அவன் பார்வையைச் செருப்பின்மேல் வைத்துக்கொண்டான்.

"வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார் மாமியார். மகளின் பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தார். சாயம் போன துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் அத்தை."

ஜன்னல் கொக்கியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கொக்கி தளர்ந்திருந்தது. சட்டைப்பையில் இருந்த சின்னத் திருப்புளியை எடுத்து முடுக்கினான். மாமியாரும் கொழுந்தியாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சகலை வேலை முடிந்து வந்ததும் இவன் அவனைத் தோளைப் பிடித்துப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"சின்னவளுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். ஹெபடைட்டிஸ் பி."

"அவளுக்கா? நல்லா கேட்டீங்க போங்க. நான் ஒரு தடவை பார்த்தாச்சு, மாசமானதும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை பார்த்தாச்சு. ஒத்தக் கோடு சகல, ஒத்தக் கோடு."

"அவ அக்காவுக்கும் ஒத்தக் கோடுதான்."

சகலையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இவன் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். சட்டை, மடிப்பு, தப்பு, மாத்திரை. அவனுக்கு நீளமாகப் பேச வராது. சொன்னவை ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தன. மாமியார் பெயர் வந்த இடத்தில் குரலை இறக்கினான்.

"அந்த ஆஸ்பத்திரிக்குக் கிட் சப்ளை யாரு தெரியுமா சகல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா? என் கிட்டாலதான் அண்ணி போனாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல?"

"உன் கிட் ஒழுங்காத்தான் இருக்கு. அது தேடறது ஒண்ணு, உள்ள இருந்தது ஒண்ணு."

"நூத்துக்கணக்கான பேருக்குப் பிடிச்சுக் கொடுத்திருக்கு என் கிட்! நீங்க சொல்ற வைரஸ் லட்சத்துல ஒண்ணு. துக்கத்துல மனுஷனுக்கு என்னென்னவோ தோணும். அதுக்காக வயித்துப்பிள்ளைக்காரியைப் பயமுறுத்துவீங்களா?"

"மெதுவா பேசு. அத்தை காதுல விழும்."

"விழட்டுமே!"

பால்கனிக் கதவு திறந்தது. கொழுந்தியாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என் வயித்தைப் பார்த்துப் பார்த்து ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசறீங்க?"

"உங்க மாமா என் கிட் பொய் சொல்லுதுங்கறார்."

"வீட்டுல அது ஒண்ணுதான் உண்மை பேசுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் அவள். யாரும் சிரிக்காததைக் கண்டு அவள் முகம் மாறியது. "மாமா? அக்காவைப் பத்தியா?"

அவன் தலையசைத்தான்.

சகலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் அலமாரியைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து வந்தான். மேசையைத் துடைத்தான். "உக்காரு. கையை நீட்டு. இப்பவே, எல்லார் கண் முன்னாடியும். அப்புறமாவது இந்தப் பேச்சு நிக்கட்டும்." குத்தினான். துளியை விட்டான். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவன் கூடத்தின் நீளத்தை நடந்து அளந்தான். மாமியார் மடித்த துணியையே கலைத்து மடித்தார்.

ஒரு கோடு வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"பார்த்தீங்களா?" சகலை பட்டையைத் தூக்கிக் காட்டினான். "போதுமா?"

"இதைத்தான் நானும் சொல்றேன். நோய் இருந்தாலும் இப்படித்தான் வரும்."

"அப்ப எதைக் காட்டினாத்தான் நம்புவீங்க? சொல்லுங்க! எதைக் காட்டினா?"

மாமியார் துணியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு போடுங்க மாப்ள. அன்னைக்கு நான் மட்டும்தானே தப்பிச்சு ஓடினேன்."

"உங்களுக்கு எதுக்கு அத்தை?" என்றான் அவன். சொன்ன வேகத்தில் அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தே தெரிந்தது, பால்கனியில் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

சகலை வீம்பில் குத்தினான். வேலை செய்து தடித்த விரல். துளி வர அழுத்த வேண்டியிருந்தது. பட்டையில் விட்டுவிட்டு, "இதுவும் ஒத்தக் கோடுதான் வரும், பாருங்க" என்றான்.

முதல் கோடு வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பக்கத்தில், முதலில் நிழல்போல, பிறகு யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, இரண்டாவது கோடு எழுந்தது.

சகலை பட்டையை விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்தான். தேதி சரியாக இருந்தது. கிட்டில் ஒரு கோளாறும் இல்லை. அதைத்தான் அவன் நிரூபிக்க நினைத்தான்.

"ரெண்டு வந்தா என்னங்க?" என்றார் மாமியார்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப உதைத்து உதைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா" என்றாள் கொழுந்தியாள். குரல் மெலிந்திருந்தது, நடுங்கவில்லை. "அந்த இன்னொரு டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?"

சகலை சாவியை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் படியிறங்கினான். செருப்பு மாட்ட மறந்துவிட்டான்.

கொழுந்தியாளின் ரத்தம் போனது. மாமியாருடையதும் போனது. டாக்டரம்மா விடாப்பிடியாக இவனிடமும் எடுத்தார். முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் அவன் முறைக்கு வராத லிஃப்டுகளையெல்லாம் சோதித்தான். நேற்றுப் பார்த்த பிரேக்கை இன்று மறுபடி திறந்தான். நல்ல கயிறுகளை இழை இழையாகத் தடவிப் பார்த்தான். "சார், இது போன வாரம்தான் மாத்தினது" என்றார் அவனோடு வேலை செய்யும் மூத்த மெக்கானிக். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கயிற்றைத் தொட்டான். மெக்கானிக் மற்றவர்களிடம் கையை விரித்துக் காட்டினார்.

சகலை காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை கூப்பிட்டான்.

"வந்துதா சகல?"

"வந்தா அவங்க உன்னைத்தானே கூப்பிடுவாங்க."

"அதுவும் சரிதான்." வைக்க மாட்டான். மூச்சு கேட்கும். ஒருநாள் சொன்னான்: "இன்னைக்கு ஒரு டாக்டர்கிட்ட கிட் காட்டப் போனேன். நூத்துக்கு நூறு கரெக்டா இருக்குமான்னு கேட்டார். தினமும் கேக்கற கேள்விதான். வாய் வரல. பெட்டியை மூடிட்டு வந்துட்டேன்."

"சாப்டியா?"

"நீங்க?"

இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

முடிவு வந்தது. கொழுந்தியாளுக்கு இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, நிறைய. அதே மாறிய மடிப்பு. மாமியாரிடம் இருந்தது பெரும்பாலும் சாதாரணமானது, மாறியதும் கொஞ்சம் கலந்திருந்தது. அவர் ஈரல் இதுவரை கெடவில்லை. இனி விடாமல் பார்த்து வர வேண்டும். அவனுக்கு எப்போதோ வந்து, உடம்பே அதை விரட்டியிருந்தது. ஒருநாள் காய்ச்சல்கூட அவனுக்கு நினைவில்லை. அதே படுக்கை, அதே தட்டு. அவளைத் தின்றது அவனிடம் வந்து சும்மா திரும்பிப் போயிருக்கிறது. டாக்டரம்மா இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அவன் சரி என்றான். வெளியே வந்து ஆஸ்பத்திரி லிஃப்டைத் தவிர்த்துப் படிகளில் இறங்கினான். தரைத்தளம் வந்த பிறகும் கால் நிற்கவில்லை. அடித்தளத்துக்கும் போய், ஆக்சிஜன் உருளைகளுக்கு நடுவே நின்றான்.

கொழுந்தியாளுக்கு அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் எகிறும், புது மாற்றத்துக்கும் வழி விட்டதாகும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை அவன் வீட்டு மணி அடித்தது. மாமியார் நின்றிருந்தார். தனியாக. தோளில் ஒரு துணிப்பை. லிஃப்டைக் கண்டாலே பயப்படுகிறவர், ஒன்பது மாடியும் லிஃப்டிலேயே ஏறி வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் அத்தை, கீழே இருந்து கூப்பிட்டிருக்கலாமே. நான் வந்திருப்பேன்."

"நீங்க பார்க்கற லிஃப்டுதானே. கண்ணை மூடிக்கிட்டு வந்துட்டேன்."

மகள் போன பிறகு அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. சுற்றிப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் தானே இறக்கி உட்கார்ந்தார். இவனை உட்காரச் சொல்லவில்லை.

"சின்னவளுக்கு மாத்திரை கொடுத்துட்டுத்தான் வர்றேன். என் கண்ணு முன்னாடி முழுங்கணும், நாக்கை நீட்டிக் காட்டணும். என்னை ஜெயில் வார்டன்ங்கறா."

"நல்லது அத்தை."

"உங்களை ஒண்ணு கேக்கணும். அங்க கேட்டா ரெண்டு பேரும் ரெண்டு விதமா மழுப்பறாங்க. டாக்டரம்மாகூட ஏதேதோ சுத்தி வளைக்கறாங்க." துணிப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார். "பெரியவளுக்கு என்கிட்ட இருந்துதான் போச்சா?"

அவன் ஜன்னல் பக்கம் போனான். திரும்பி வந்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேட்கிறவரே அதைத்தான் கேட்க வந்திருக்கலாம். ஆனால் அன்று விருந்தில் எல்லாரும் அவளுக்கு இல்லை என்றுதான் சொன்னார்கள். மேசையில் செய்தித்தாளை விரித்து, சிரித்துக்கொண்டே, இல்லை என்று சொன்னார்கள்.

"ஆமா அத்தை."

மாமியார் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கே தெரியாம."

"உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். உங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. மாறினது எப்ப மாறுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

"எங்கம்மா ஈரல் வீங்கித்தான் போனாங்க" என்றார் அவர். "நாங்க சூடுன்னு நினைச்சோம்."

அவர் அழுவார் என்று அவன் காத்திருந்தான். அழவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சோறு. சூடு இன்னும் ஆறவில்லை.

"சின்னவ குழந்தைக்குப் போகாதுல்ல?"

"போகாம இருக்கத்தான் மாத்திரை, ஊசி எல்லாம். நிறையப் பேருக்குப் போறதில்ல. பொறந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும் அத்தை. அதுவரைக்கும் எனக்கும் தெரியாது."

"ஒரு வருஷமா?"

"ஆமா."

"அதுவரைக்கும் இப்படியே நடந்துக்கிட்டா இருப்பீங்க?"

மாமியார் எழுந்தார்.

"மாத்திரை கொடுத்ததும் தினமும் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் விடறேன். எடுக்காதீங்க, காசு போயிடும். அடிச்சா போட்டாச்சுன்னு அர்த்தம். அடிக்கலேன்னா ஓடி வாங்க."

"சரி அத்தை."

இருவரும் வெளியே வந்தார்கள். அவன் பொத்தானை அழுத்தினான். பெட்டி கீழிருந்து ஏறி வருகிற ஓசையை வழக்கம்போலக் காது தானாகவே சோதித்தது. குறையில்லை. கதவு திறந்தது. மாமியார் வாசற்கட்டையைக் குனிந்து பார்த்து, ஒரு காலை உள்ளே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மற்ற காலையும் எடுத்து வைத்தார். துணிப்பையின் வார் தோளிலிருந்து நழுவி வெளியே தொங்கியது.

கதவு நகரத் தொடங்கியது. அவன் குறுக்கே கையை வைத்தான். கதவு பின்வாங்கியது. மெல்லக் குனிந்து வாரை எடுத்து அவர் கையில் கொடுத்தான். முழுவதும் உள்ளே போய்விட்டதா என்று பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். கையை எடுக்கவில்லை.

"விடுங்க மாப்ள, போயிடுவேன்" என்றார் மாமியார்.

"இருங்க" என்றான். அவனும் உள்ளே ஏறிக்கொண்டான்.